தில்லியில் இசைப் பட்டம்: ப்ளஸ் டூவிலிருந்து மேடை வரை

ப்ளஸ் டூ படிக்கும் பெண் "எனக்குப் பாட்டுதான்மா படிக்கணும்" என்று சொன்னால், தில்லியிலுள்ள தமிழ் வீடுகளில் உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: படிச்சு முடிச்சு என்ன பண்ணுவே? நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரியாமலே பல வீடுகளில் பிள்ளையை பி.காம்.இல் சேர்த்துவிட்டு, பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் இசைப் பட்டத்தில் சேர்த்துவிட்டு, இனிப் பிள்ளையைப் பல்கலைக்கழகமே வித்துவான் ஆக்கிவிடும் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு நஷ்டம். பட்டப்படிப்பு தருவது நேரம், ஒழுங்கு, ஒரு சான்றிதழ். பாட்டு வருவது குருவிடமிருந்தும் விடிகாலைச் சாதகத்திலிருந்தும். இரண்டையும் ஒரே நான்கு ஆண்டுகளுக்குள் எப்படிப் பொருத்துவது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இசை, நுண்கலைப் புலம் 1960இல் தொடங்கப்பட்டது. மஞ்சள் தடத்தில் விஸ்வவித்யாலயா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் வடக்கு வளாகம். இந்துஸ்தானி இசைக்கு நடுவே கர்நாடக இசைக்கும் ஹானர்ஸ் பட்டம், முதுகலை, ஆய்வு என்று எல்லாப் படிகளும் இங்கே உண்டு. தலைநகரில் இதைச் சாத்தியமாக்கியவர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1937இல் வந்த 'நவயுவன்' படத்தில் கதாநாயகனாக நடித்து, பிறகு இசைக்கே தம்மைக் கொடுத்துவிட்ட வி.வி. சடகோபன் இங்கே பேராசிரியராக இருந்தார். குழந்தைகளுக்கு இசையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதையே தம் வேலையாக வைத்துக்கொண்டவர் அவர். பல்லவி பாடுவதில் பெயர் பெற்ற டி.ஆர். சுப்ரமணியம் இங்கே கற்பித்தார். லீலா ஓம்சேரி இங்கே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். மேடையில் பாடுபவர்களே வகுப்பறையிலும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த மரபு இது.

இசையைக் கல்லூரியில் கற்பிக்க முடியுமா என்ற சந்தேகம் புதிதல்ல. 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்ரமணிய ஐயர் முதல்வரானார். அந்த நாளிலிருந்தே கேள்வி இருக்கிறது. கல்லூரி நடத்திய பெரியவர்களே குருகுலத்தில் படித்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பது புரியும்.

இனிச் சேர்க்கை. 2022 முதல் சேர்க்கை பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான சியூஇடி வழியாகத்தான். அதை எழுதிய பிறகு பல்கலைக்கழகத்தின் பொது இட ஒதுக்கீட்டுத் தளத்தில் விருப்பப் பாடத்தைப் பதிய வேண்டும். இசைக்கு இதற்கு மேல் தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. எந்தப் பாடங்களை எழுத வேண்டும், எழுத்துக்கும் செய்முறைக்கும் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, எந்தெந்த வாத்தியங்களுக்கு இடம் இருக்கிறது என்பவற்றை அந்த ஆண்டின் தகவல் ஏட்டில் பாருங்கள். அண்ணன் அக்கா சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சியூஇடியில் தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாட்டில் கெட்டிக்காரப் பிள்ளை ஓர் ஆண்டை இழப்பது கொடுமை.

செய்முறைத் தேர்வுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்ததிலேயே மிகக் கனமான கீர்த்தனையைத் தேர்ந்தெடுத்து வருவார்கள். அது தேவையில்லை. வர்ணத்தைத் திருத்தமாகத் தயார் செய்யுங்கள். கேட்பவருக்கு உங்கள் சுருதி, லயம், கமகம், மூச்சு எல்லாமே வர்ணத்தில் தெரிந்துவிடும். பைரவியில் 'விரிபோணி' அடதாள வர்ணம் தெரிந்தால் அதையே எடுங்கள். ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு என்று பதினான்கு அட்சரம். முதல் காலம் எல்லோரும் பாடுவார்கள். இரண்டாம் காலத்தில்தான் சங்கதி வெளிப்படும். குரல் இரட்டிக்கும்போது கையும் சேர்ந்து ஓடத் தொடங்கும். பாடுகிறவருக்கு அது தெரியாது. எதிரில் இருப்பவருக்கு உடனே தெரியும். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக, மெட்ரோனோமை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, இரண்டாம் கால சாகித்யத்தை வாய்விட்டுப் பாடாமல் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு கையால் மட்டும் தாளம் போடுங்கள். கை நிலைத்த பிறகு குரலைச் சேருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இரண்டு மாதத்தில் பலன் கிடைக்கும்.

கூடவே வேறு வேறு மேளங்களில் ஏழெட்டுக் கீர்த்தனைகள், அவற்றில் மூன்று நான்கு ராகங்களில் சுருக்கமான ஆலாபனை, நாலு ஆவர்த்தனம் கல்பனாஸ்வரம். சரளி, ஜண்டை, அலங்காரம் மூன்று காலத்திலும் சுத்தமாக இருக்க வேண்டும். இது போதும்.

சேர்ந்த முதல் பருவத்தில் பலருக்கும் ஏமாற்றம் வரும். வீட்டில் பாட்டு மாமியிடம் தனியாக உட்கார்ந்து கற்ற பிள்ளைக்கு, பலர் சேர்ந்து உட்காரும் வகுப்பு புதிது. பெண்களுக்குச் சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. பையன்களுக்கு ஒன்று, ஒன்றரை. ஒரே வகுப்பில் ஒரே சுருதியில் பாடினால் ஒரு பாதிப் பேருக்குத் தங்கள் குரல் இருக்கும் இடத்தில் பாட்டு இருக்காது. ஆகவே ஒரு வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அன்று வகுப்பில் கற்றதை அன்று மாலையே உங்கள் சொந்தச் சுருதியில் முழுவதும் பாடிப் பார்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் சங்கதிகள் அந்தப் பழைய சுருதியிலேயே தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, 2022-23இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பருவத்துக்கு 22 கிரெடிட். மூன்று ஆண்டில் 132 முடித்து வெளியேறலாம், நான்கு ஆண்டானால் 176. இதில் இசையைத் தவிர வேறு துறைப் பாடமும், திறன் பாடமும், சுற்றுச்சூழல் போன்றவையும் அடக்கம். அவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒலியியலையோ ஒலிப்பதிவையோ கற்க வாய்ப்பு வந்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வகுப்பில் பாடும் நேரம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு. ஆகவே சாதக நேரத்தை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். காலை ஐந்து முதல் ஏழு வரை சாதகம், பிறகுதான் மெட்ரோ. இதை மாற்றவே முடியாது. நவம்பர், டிசம்பரில் புகைமூட்டமும் குளிரும் சேர்ந்து தொண்டையை வறட்டும். அப்போது மேல் ஸ்தாயியில் வருத்திப் பாடாமல், கீழ் ஸ்தாயியில் நின்று நிதானமாகச் சாதகம் செய்யுங்கள், வெந்நீரும் வேண்டும். வீணை வாசிப்பவர்களுக்கு மே மாதம்தான் சோதனை. வீணையின் இருபத்துநான்கு மெட்டும் மெழுகில் பதிந்தவை. வெயில் ஏறும் மாடி அறையில் வைத்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி பிசகும். தில்லியில் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கத் தெரிந்த கைவினைஞர் கிடைப்பது அரிது. பலரும் ஊருக்குப் போகும்போது சென்னையிலோ தஞ்சாவூரிலோ கட்டிக்கொண்டு வருவார்கள். வீணையைக் கீழ்த்தளத்தில், சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

தியரி என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டி பிரகாசிகை'யிலிருந்து எழுபத்திரண்டு மேளம் வருகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கினால் போதுமா? 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஒரு ராகத்தை எடுங்கள். அதில் எழுதியிருக்கும் ஸ்வரக் குறிப்பை மெல்லப் பாடிப் பாருங்கள். இன்று நீங்கள் பாடுவதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று குறித்து வையுங்கள். பைரவியையே எடுத்துக்கொள்ளலாம். ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் ஒரு பிடியில் நிஷாதத்தைத் தொட்டுத் திரும்பி வரும்போது எந்தத் தைவதம் பேசுகிறது? அதைக் காதால் கண்டுபிடித்த அன்றைக்குத் தியரியும் பாட்டும் உங்களுக்கு ஒன்றாகிவிடும்.

இந்த வேலைக்குத் தில்லியில் இருக்கும் பெரிய வசதியை வெளியூர்ப் பிள்ளைகள் பொறாமையோடு பார்க்க வேண்டும். மண்டி ஹவுஸ் பக்கத்தில், ரவீந்திர பவனில், சங்கீத நாடக அகாதெமியின் ஒலிப்பதிவுக் காப்பகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பழைய பெரியவர்களின் பதிவைக் கேளுங்கள். ஒரே ராகத்தை மூன்று பேர் பாடியதைக் கேட்டு, ஒவ்வொருவரும் முதல் இரண்டு நிமிடத்தில் எந்த ஸ்வரத்தில் நிற்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். யூடியூபில் நூறு கச்சேரி ஓடவிடுவதைவிட இது மேல்.

அடுத்த வசதி பக்கத்து வகுப்பறை. அங்கே யமன் பாடிக்கொண்டிருப்பார்கள், இங்கே கல்யாணி. அங்கே மால்கௌன்ஸ், இங்கே ஹிந்தோளம். ஸ்வரங்கள் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்ற தைரியம் அவர்களிடம் வேறு. 'நீங்கள் ஆலாபனையை இப்படி அவசரமாக ஏன் முடிக்கிறீர்கள்?' என்று ஓர் இந்துஸ்தானி மாணவர் கேட்டால் கோபப்படாமல், அவரோடு ஒரு மணி நேரம் ஒரே தம்புராவில் உட்காருங்கள். இந்தியும் வந்துவிடும், ஆலாபனையும் வளரும். 1939இல் வினய் சந்திர மௌத்கல்யா தில்லியில் தொடங்கிய காந்தர்வ மகாவித்யாலயா, கமானி அரங்கம், 1977இல் ஐஐடி தில்லியில் பிறந்த ஸ்பிக் மேகே நடத்தும் நிகழ்ச்சிகள் என்று குளிர்காலம் முழுக்கக் கேட்க இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு நுழைவு இலவசம்.

இப்போது குரு. பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டோமே, இனி வீட்டு வகுப்புக்கு எதற்குப் பணம் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஒரு ராகத்தை ஓர் ஆண்டு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பாட வைக்கும் பொறுமை பருவத் தேர்வுக்குக் கிடையாது, குருவுக்கு உண்டு. "இன்னொரு தடவை பாடு. அந்தத் தைவதம் இன்னும் சரியா விழலை" என்று பதினைந்தாவது முறையாக ஒருவர் சொல்ல வேண்டும். மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் ரோகிணியிலும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கும் நல்ல வித்வான்கள், விதுஷிகள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் வரும். வகுப்பில் சொல்லித்தரும் பாடாந்தரம் வேறு, வீட்டில் கற்றது வேறு. இதை மறைத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் கலந்து பாடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. "மேடம், எங்க பாட்டு மாமி இந்தச் சங்கதியை வேற மாதிரி சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர்கள் "பாடிக் காட்டும்மா, கேப்போம்" என்பார்கள். இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் பரீட்சைப் பாடாந்தரம், மேடையில் குருவின் பாடாந்தரம். கலப்படம் மட்டும் கூடாது.

இரண்டாம் ஆண்டிலிருந்து மேடை. தில்லியில் மேடைக்குப் பஞ்சமில்லை. தில்லித் தமிழ்ச் சங்கம், கர்நாடக சங்கீத சபா, சண்முகானந்த சங்கீத சபா, ஆர்.கே. புரம் மலை மந்திர், அக்கம்பக்கத்துக் கோயில்களின் நவராத்திரி, ஜனவரியில் தியாகராஜ ஆராதனை. முதலில் முக்கால் மணி நேரக் கச்சேரியை அமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வர்ணம் ஒன்று. வேகமான விநாயகர் கீர்த்தனை ஒன்று. சிறிய ஆலாபனையோடு நடுத்தரக் கீர்த்தனை. பிறகு மெயின், அதில் நிரவல், ஸ்வரம், ஐந்து நிமிடத் தனியாவர்த்தனம். கடைசியில் ஒரு துக்கடா. அடுத்தடுத்து ஒரே மாதிரி ராகமோ ஒரே தாளமோ வரக் கூடாது. தில்லி ரசிகர்கள் அபங்கையும் விரும்பிக் கேட்பார்கள். தெரிந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாத்தியக்காரர்களை மதிக்கக் கற்றுக்கொள்வதும் தொழில்தான். ஒரு வாரம் முன்பே உருப்படிப் பட்டியலைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு தடவையாவது சேர்ந்து பாடிப் பாருங்கள். கோர்வை எந்த இடத்தில் எடுப்போம் என்று மிருதங்கக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சன்மானம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குக் கவரில் வைத்துக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். கச்சேரியைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். கேட்கப் பிடிக்காது. ஆனாலும் கேளுங்கள்.

மேடை பழகிவிட்டால் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு பயமுறுத்தாது. அங்கே பாடுவது ஒரு பாதி. வாய்மொழிக் கேள்விகள் மறுபாதி. பாதி பாட்டில் நிறுத்தி, இதே மேளத்தின் ஜன்யத்தில் வேறொரு ராகம் பாடு என்பார்கள், ஒரு ஸ்வரக் கோவையைச் சொல்லி என்ன ராகம் என்பார்கள், பல்லவியைத் திஸ்ரத்தில் போடு என்பார்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, துவாரகாவிலுள்ள கலாசார வளங்கள், பயிற்சி மையம் (சிசிஆர்டி) வழியாக மத்திய கலாசார அமைச்சகம் தரும் இளம் கலைஞர் உதவித்தொகை. 18 முதல் 25 வயது வரை விண்ணப்பிக்கலாம். மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. குருவின் சம்பளமும் பக்கவாத்தியச் செலவும் இதில் ஓரளவு அடங்கும்.

இரண்டாவது, அகில இந்திய வானொலித் தேர்வு. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த காலத்திலிருந்து கலைஞர்களைக் கேட்டுத் தரம் பிரிக்கும் முறை நடக்கிறது. பி, பி-ஹை, ஏ, டாப் என்று நான்கு படி. விண்ணப்பத்தோடு தெரிந்த ராகங்கள், உருப்படிகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கேட்பது அந்தப் பட்டியலிலிருந்துதான். ஆகவே பட்டியலை நீட்டாதீர்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் பாட முடிந்த ராகங்களை மட்டும் எழுதுங்கள். பி கிரேடு கிடைத்தால் அங்கே நிற்காமல், உரிய இடைவெளி முடிந்ததும் அடுத்த படிக்கு விண்ணப்பியுங்கள்.

இந்தக் கிரேடு ஏன் முக்கியம் என்பது பலருக்குத் தெரியவில்லை. கல்லூரி ஆசிரியராக முதுகலை, பிறகு நெட் அல்லது பிஎச்.டி. என்பதுதான் எல்லோரும் அறிந்த வழி. ஆனால் யூஜிசியின் 2018 விதிகளில் இசைக்கு இன்னொரு வாசலும் உண்டு. இளங்கலைப் பட்டம் பெற்று, பெயர் பெற்ற குருவிடம் பயின்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் ஏ கிரேடு கலைஞராக இருந்து, பாடத்தைக் காரண காரியத்தோடு விளக்கும் திறமை இருந்தால், உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம், குரு, மேடை மூன்றையும் ஒரே வரியில் சேர்த்துக் கேட்கும் விதி இது. முதல் ஆண்டிலிருந்தே நான் சொல்லும் வரிசையில் போன பிள்ளைக்கு இந்த வாசல் திறந்திருக்கும்.

அதுவரை வருமானம்? உள்ளதைச் சொல்கிறேன். இருபத்தோரு வயதில் கச்சேரிச் சன்மானத்தில் தில்லியில் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. கேந்திரீய வித்யாலயாக்களில் ஆரம்பப் பள்ளி இசை ஆசிரியர் பதவிக்கு இசையில் இளங்கலைப் பட்டம் தகுதி. தனியார் பள்ளிகளும் ஆள் தேடுகின்றன. வீட்டில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்குப் பாடுவது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு என்று பல ஊற்றுகள் சேர்ந்துதான் ஓடும். நாட்டியத்துக்குப் பாடுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். தாளமும் நிதானமும் கற்க அதைவிட நல்ல பள்ளி இல்லை. ஆனால் மாலை முழுவதும் டியூஷனுக்குப் போய்விட்டால் விடிகாலைச் சாதகம் முதலில் போகும், அதன் பின்னால் மேடை போகும். வாரத்தில் எத்தனை மாலை விற்பது என்பதை முன்பே தீர்மானித்து வையுங்கள்.

கடைசியாக, தில்லியில் சபா நடத்தும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்து வரும் வித்வானின் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரத்தைப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும் உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளையின் பக்கவாத்தியச் செலவையும் சபாவே ஏற்றுக்கொள்ளட்டும்.